பெறு ஆண்டெனாப் பழுது: எந்தத் தளநிலையத்தில் எந்தக் கண்காணிப்பை அமைப்பது?

கைபேசித் தளநிலையத்தின் அனுப்பும் பாதையில் பழுது ஏற்பட்டால் அது வெகுநேரம் மறைந்திருப்பதில்லை. செல் அணைந்துவிடும், அல்லது அதன் பரப்பு சட்டென்று சுருங்கும்; வாடிக்கையாளர் புகாரும் கட்டுப்பாட்டு அறையின் சிவப்பு அலாரமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து சேரும். பெறும் பாதையின் கதை வேறு. ஒவ்வொரு செக்டருக்கும் (நிலையம் ஒரு திசையில் மூடும் பகுதி) இரண்டு பெறு கிளைகள், அதாவது தனித்தனிப் பெறும் பாதைகள், இருப்பதால், ஒரு காது செவிடானாலும் மறுகாது கேட்டுக்கொண்டே இருக்கும். அழைப்புகள் நடக்கின்றன, தரவு ஓடுகிறது, எண்ணிக்கை அறிக்கைகளில் பெரிய பள்ளம் எதுவும் தெரிவதில்லை. செல்லின் ஓரத்திலும் கட்டடங்களுக்குள்ளும் இருப்பவர்களின் குரல் மட்டும் நிலையத்தை எட்டாமல் போகிறது.

அந்த இழப்பு சிறியதன்று. இரு கிளைகளையும் உகந்த விகிதத்தில் சேர்க்கும் பெறுவி ஒன்றில் ஒரு கிளை முற்றிலும் போனால், மங்கல் விளைவுக்கு (சைகை கணத்துக்குக் கணம் ஏறி இறங்குவதற்கு) எதிரான பாதுகாப்பைக் கணக்கில் எடுக்காமலே 3 டெசிபெல், அதாவது பாதி, குறைகிறது. பாதை இழப்பின் அடுக்கை 3.5 என்று கொண்டால், அப்லிங்கின் (கைபேசியிலிருந்து நிலையத்துக்கு வரும் சைகையின்) எட்டும் தூரம் சுமார் 18 விழுக்காடும், அது மூடும் பரப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும் சுருங்கும். இவ்வளவு பெரிய குறையைப் பல வலையமைப்புகள் 'சிறு அலாரம்' என்ற வகையில் போட்டு வைத்திருப்பதுதான் விந்தை.

இந்தக் கட்டுரை ஒரு முடிவைப் பற்றியது: தளநிலையத்தை நிறுவும்போதோ மறுசீரமைக்கும்போதோ, பெறு ஆண்டெனாப் பழுதைக் காட்டிக்கொடுக்க எந்தக் கண்காணிப்பை இயக்குவது, அதன் வரம்பை எங்கே வைப்பது. மூன்று செக்டர்கள், செக்டருக்கு ஒரு ±45 பாகைக் குறுக்குமுனைவு ஆண்டெனா, இரண்டு பெறு கிளைகள் என்ற வழக்கமான அமைப்பையே எடுத்துக்கொள்கிறேன். கீழே உபகரண அறையிலிருந்து ஃபீடர் கேபிள் ஏறும் நிலையங்களும், ரேடியோ அலகையே கோபுரத்தில் மாட்டிய ஆர்ஆர்யூ நிலையங்களும் ஒரே வலையமைப்பில் கலந்திருக்கும். இரண்டுக்கும் ஒரே விடை பொருந்தாது.

விஎஸ்டபிள்யூஆர் மட்டும் போதுமா?

பெரும்பாலான பொறியாளர்கள் முதலில் நம்புவது, அனுப்பும் ஆற்றலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை அளக்கும் விஎஸ்டபிள்யூஆர் கண்காணிப்பை (1 என்றால் எதுவும் திரும்பவில்லை; எண் கூடக்கூடத் திரும்புவது அதிகம்). எரிக்சனின் ஆர்பிஎஸ் 2000 தளநிலைய வரிசையில் ஓஎம்டி என்ற பராமரிப்புக் கருவி வழியாக நிறுவல் தரவுத்தளத்தில் இதற்கு இரண்டு வரம்புகளை வைக்கலாம். மற்ற நிறுவனங்களின் நிலையங்களிலும் இதே ஏற்பாடு வேறு பெயர்களில் உண்டு. கூடுதல் செலவு இல்லை, நெரிசல் குறைந்த நேரத்திலும் வேலை செய்யும், அலாரம் வந்தால் எந்தக் கேபிள் என்பதும் தெரியும்.

ஆனால் அது அளப்பது அனுப்பும் அலைவரிசையில், அனுப்பும் பாதையை மட்டுமே. பெறுவதற்கு மட்டும் பயன்படும் கிளையில் அதற்குப் பார்வையே இல்லை. ஒரே அனுப்பு கிளையும் இரண்டு பெறு கிளைகளும் கொண்ட டபிள்யூசிடிஎம்ஏ (3ஜி) செல்லில் இரண்டாவது ஃபீடரில் அனுப்பும் ஆற்றல் ஏறுவதே இல்லை. இரண்டு அனுப்பு, நான்கு பெறு கிளைகள் கொண்ட எல்டிஇ (4ஜி) அமைப்பிலும் பாதிக் கிளைகள் இப்படித்தான் இருட்டில் இருக்கின்றன. டிஎம்ஏ எனப்படும் கோபுர உச்சிப் பெருக்கி இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதற்குள் அனுப்பும் அலை தனி வடிகட்டி வழியே பெருக்கியைச் சுற்றிக்கொண்டு போய்விடுவதால், பெறும் பெருக்கி செத்துக் கிடந்தாலும் விஎஸ்டபிள்யூஆர் 1.3 என்று அழகாகக் காட்டும்.

இன்னொரு குறையைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. கேபிளின் இழப்பு, திரும்பி வரும் அலையை இருமுறை தின்றுவிடுகிறது. ஃபீடரும் ஜம்பர்களும் (முனைகளில் மாட்டும் சிறு இணைப்புக் கேபிள்கள்) சேர்ந்து 3 டெசிபெல் இழப்பு கொண்டவை என்றால், உச்சியில் ஆண்டெனாவே கழன்று தொங்கினாலும் கீழே தெரியும் திரும்பல் இழப்பு 6 டெசிபெல். அதாவது விஎஸ்டபிள்யூஆர் 3.0. இழப்பு 4.5 டெசிபெல் ஆனால் அதே முழுத் துண்டிப்பு 2.1 என்றுதான் தெரியும். அலாரம் வரம்பை 2.5-இல் வைத்திருக்கும் நிலையத்தில் அது ஒருநாளும் ஒலிக்காது. கேபிளுக்குள் மழைநீர் புகுந்தால் இழப்பு கூடும், ஆகவே தொலைவிலுள்ள பழுதைப் பொறுத்தவரை அளவீடு இன்னும் நன்றாகத் தோன்றும். 900 மெகாஹெர்ட்ஸில் 7/8 அங்குலக் கேபிள் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 4 டெசிபெல் இழக்கும். 2100-இல் 6-ஐ நெருங்கும். உயரமான கோபுரத்தில், மேல்பட்டையில், விஎஸ்டபிள்யூஆர் வரம்பை அப்படியே நகலெடுத்து வைப்பது பயனற்றது. கேபிளின் இழப்பைக் கொண்டு, உச்சியில் முழுத் துண்டிப்பு நேர்ந்தால் கீழே என்ன தெரியும் என்று நிலையவாரியாகக் கணக்கிட்டு, வரம்பை அதற்குக் கீழே வைக்க வேண்டும்.

ஆர்ஆர்யூ நிலையங்களில் இந்தக் குறைகளில் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது. சில மீட்டர் ஜம்பர் மட்டுமே இருப்பதால் அளவீடு உண்மைக்கு அருகில் இருக்கும்; அலகின் எல்லா ஆண்டெனா இணைப்பு வாய்களும் அனுப்பவும் பெறவும் செய்பவையாக இருந்தால், விஎஸ்டபிள்யூஆரே முதல் அலாரமாக இருக்கத் தகுதியுடையது.

நேர்மின்னோட்டக் கண்காணிப்பு

டிஎம்ஏவுக்கு மின்சாரம் ஃபீடர் வழியாகவே போகிறது. அந்த மின்னோட்டத்தை அளந்து, அது குறிப்பிட்ட சாளரத்துக்கு வெளியே போனால் அலாரம் எழுப்புவது பழைய முறை. ஏஐஎஸ்ஜி என்ற ஆண்டெனாக் கருவித் தகவல்தொடர்புத் தரத்தைப் பின்பற்றும் டிஎம்ஏ என்றால், அதே கேபிளில் 2.176 மெகாஹெர்ட்ஸ் ஊர்தி அலையின் மீது நொடிக்கு 9.6 கிலோபிட் வேகத்தில் செய்தி அனுப்பித் தன் பழுதைத் தானே சொல்லும். இரண்டும் விரைவானவை. போக்குவரத்து தேவையில்லை, புள்ளியியல் தேவையில்லை. மின்னோட்டம் பூஜ்யமானால் கேபிள் அறுந்தது, எல்லை மீறினால் எங்கோ குறுக்கு இணைப்பு ஏற்பட்டது.

இதன் எல்லை டிஎம்ஏவோடு முடிகிறது. அதற்கு மேலே ஆண்டெனாவரை போகும் ஜம்பரில் நீர் புகுந்தாலும் கனெக்டர் கழன்றாலும் நேர்மின்னோட்டம் சலனமில்லாமல் இருக்கும். தவிர, உள்ளமைவில் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, கால் அலைநீளக் குறுக்குக் கிளை வகை இடிதாங்கி நேர்மின்னோட்டத்தை நிலத்துக்கு இறக்கிவிடும். மின்னோட்டத்தைக் கடத்தும் வகையை மாட்டாமல் கண்காணிப்பை இயக்கினால் முதல் நிமிடத்திலேயே குறுக்கு இணைப்பு அலாரம் வரும். இரண்டாவது, இரண்டு தொழில்நுட்பங்கள் டைப்ளெக்சர் (இரு பட்டைகளை ஒரே கேபிளில் சேர்க்கும் கருவி) வழியே ஒரே ஃபீடரைப் பகிரும்போது மின்சாரத்தை ஊட்டுவது ஒரு நிலையம் மட்டும்தான். மற்றதிலும் டிஎம்ஏ இருப்பதாக அறிவித்து மின்னோட்டக் கண்காணிப்பைத் திறந்தால், ஓயாத பொய் அலாரமே மிஞ்சும். பொய் அலாரத்தால் சலித்த கட்டுப்பாட்டு அறை அடுத்து செய்வது அந்த வகை அலாரத்தையே வடிகட்டிவிடுவது. பிறகு உண்மையான பழுதும் அந்த வடிகட்டியிலேயே சிக்கிக்கொள்ளும்.

இரு கிளைகளையும் ஒப்பிடுவது

என் தீர்ப்பில் ஃபீடர் நிலையங்களுக்கு முதன்மையாக இருக்க வேண்டியது இதுதான். ஒரே கைபேசியின் சைகை இரு கிளைகளிலும் எவ்வளவு வலிமையோடு வருகிறது என்று அளந்து, நீண்ட நேரச் சராசரியில் ஒரு கிளை தொடர்ந்து தாழ்ந்திருந்தால் அலாரம் எழுப்புவது. நோக்கியாவின் ஜிஎஸ்எம் (2ஜி) நிலையங்களில் முதன்மை ஆண்டெனாவுக்கும் டைவர்சிட்டி (இரண்டாம் கிளை) ஆண்டெனாவுக்கும் இடையே பெறுநிலை மிகவும் வேறுபடுகிறது என்று சொல்லும் அலாரம் இந்த வகையைச் சேர்ந்தது. எரிக்சன் நிலையங்களில் டைவர்சிட்டி இழப்பு என்ற பெயரில் வருவதும் இதுவே. ஆண்டெனாவின் உட்பகுதி முதல் ரேடியோ அலகின் பெறுவி வரை பாதை முழுவதையும், பெறும் அலைவரிசையிலேயே, உண்மையான சைகையைக் கொண்டு சோதிப்பது இது ஒன்றுதான்.

சிக்கல் வரம்பில் இருக்கிறது. ஒன்றையொன்று சாராத இரண்டு ரேலே மங்கல் கிளைகளில் எந்தக் கணத்திலும் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 10 டெசிபெல்லைத் தாண்டும் வாய்ப்பு, எந்தப் பழுதும் இல்லாமலே, 18 விழுக்காடு. 6 டெசிபெல்லைத் தாண்டும் வாய்ப்பு 40 விழுக்காடு. ஆகவே கணநேர அளவீட்டைக் கொண்டு முடிவெடுப்பது பயனற்றது. இந்த வேறுபாட்டின் திட்ட விலக்கம் 8 டெசிபெல்லுக்குச் சற்றுக் குறைவு. சாராத 100 மாதிரிகளின் சராசரியில் அது 0.8 ஆகச் சுருங்கும். 1000 மாதிரிகளில் கால் டெசிபெல்லுக்கு இறங்கும்.

இங்கே 'சாராத' என்ற சொல்லுக்கு முழு எடை உண்டு. ஜிஎஸ்எம்மில் 480 மில்லிநொடிக்கு ஓர் அளவீடு என்றால் ஓர் எர்லாங் போக்குவரத்து (இடைவிடாத ஓர் அழைப்புக்குச் சமம்) ஒரு மணி நேரத்தில் 7500 அளவீடுகளைத் தரும். பார்க்கத் தாராளமாக இருக்கிறது. ஆனால் ஒரே வீட்டின் மேசைமேல் அசையாமல் இருக்கும் கைபேசியோ, சுவரில் பதித்த மின்மானியோ தரும் ஆயிரம் அளவீடுகள் ஒன்றையொன்று நகலெடுப்பவை. அந்த ஒரு கருவியின் முனைவு ஒரு கிளைக்குச் சாதகமாக இருந்தால் சராசரி முழுவதும் அந்தப் பக்கம் சாயும். எனவே உள்ளமைவில் வாய்ப்பிருந்தால் அளவீடுகளின் எண்ணிக்கையைவிட அழைப்புகளின் எண்ணிக்கைக்கே குறைந்தபட்ச வரம்பு வைப்பது நல்லது. அந்த வாய்ப்பு இல்லாத நிலையங்களில் சாளரத்தை நீட்டுவதே மாற்று. சராசரியை வாட்டில் எடுக்காமல் டெசிபெல்லில் எடுக்க வேண்டும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்; வாட்டில் எடுத்தால் கோபுரத்தின் அடியில் நின்று பேசும் ஒருவரே ஊர் முழுவதற்கும் பதில் சொல்பவராகிவிடுவார்.

வரம்பை 10 அல்லது 12 டெசிபெல்லில் வைப்பதே பாதுகாப்பானது என்ற வழக்கம் பரவலாக இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. இரைச்சல் இரு கிளைகளிலும் சமம் என்று கொண்டு கணக்கிட்டால், ஒரு கிளை 3 டெசிபெல் தாழும்போது சேர்க்கையில் இழப்பது 1.2 டெசிபெல், 6 தாழும்போது 2.0, 10 தாழும்போது 2.6; முற்றிலும் போனால் 3.0. அதாவது 6 டெசிபெல் தாழ்விலேயே கெட வேண்டியதில் மூன்றில் இரண்டு பங்கு கெட்டுவிடுகிறது. 12 டெசிபெல்லுக்காகக் காத்திருப்பவர், பழுது முற்றிய பிறகே செய்தி கேட்கிறார். நீர் புகுந்த கனெக்டர் போன்ற பழுதுகள் மெல்ல வளர்பவை என்பதால் இந்தக் காத்திருப்பு மாதக்கணக்கில் நீளக்கூடும்.

ஆகவே இரண்டு படிகளைப் பரிந்துரைக்கிறேன். 10 டெசிபெல், ஒரு மணி நேரச் சாளரம்: கேபிள் அறுந்தது, டிஎம்ஏ செத்தது போன்ற வெளிப்படையான பழுதுகளுக்கு. 6 டெசிபெல், ஒரு நாள் சாளரம்: மெல்ல வளர்பவற்றுக்கு. நிலையத்தின் மென்பொருள் ஒரே வரம்பைத்தான் அனுமதிக்கிறது என்றால், நிலையத்தில் நீண்ட சாளரத்தோடு 8 டெசிபெல் வைத்து, 6 டெசிபெல் ஒப்பீட்டை மேலாண்மை மையத்தில் எடுக்கும் எண்ணிக்கை அறிக்கைகளிலிருந்து நாள்தோறும் செய்துகொள்ளலாம்.

அடிப்படை இரைச்சலையும் சேர்த்துப் பார்ப்பது

இன்னொரு தரப்பு, ஒவ்வொரு கிளையின் அடிப்படை இரைச்சலையும் தனித்தனியே கண்காணிக்கச் சொல்லும். டபிள்யூசிடிஎம்ஏவின் 3.84 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வெப்ப இரைச்சல் −108 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்). பெறுவியின் இரைச்சல் எண் (அது தானே சேர்க்கும் இரைச்சலின் அளவு) 3 டெசிபெல் என்றால் போக்குவரத்தில்லாத நேரத்தில் −105 டிபிஎம் தெரிய வேண்டும். இதிலிருந்து விலகினால் பழுது என்பது வாதம்.

தனியாக வைத்தால் இது ஏமாற்றும். டிஎம்ஏ இல்லாத நிலையத்தில் ஃபீடர் அறுந்தாலும் பெறுவிக்குத் தெரியும் வெப்ப இரைச்சல் ஏறத்தாழ அதேதான்; அறுந்த காதும் அதே −105-ஐக் காட்டும். டிஎம்ஏ இருந்தால்தான் வேறுபாடு தெரியும்: 12 டெசிபெல் பெருக்கம், 2 டெசிபெல் ஃபீடர் இழப்பு, 1.5 டெசிபெல் இரைச்சல் எண் கொண்ட டிஎம்ஏ செத்தால் நிலையத்தின் வாயிலில் இரைச்சல் சுமார் 9 டெசிபெல் இறங்கும். (அந்தப் பெருக்கத்தையும் இழப்பையும் உள்ளமைவில் சரியாக எழுதாமல் விட்டால், நல்ல நிலையத்திலேயே இரைச்சல் 9, 10 டெசிபெல் கூடியதாகத் தெரியும் என்பது எல்லாருக்கும் தெரிந்தும் தொடர்ந்து நடக்கும் பிழை.)

ஆனால் கிளை ஒப்பீட்டோடு இணைத்தால் இதன் மதிப்பு பலமடங்காகிறது, ஏனெனில் ஒப்பீட்டின் பெரிய குறையை இது நிரப்புகிறது. இரண்டு கிளைகளும் வேறுபடுகின்றன என்றுதான் ஒப்பீடு சொல்லும். எது பழுது என்று சொல்லாது. தாழ்ந்த கிளையே பழுது என்று எடுத்துக்கொண்டு ஆளைக் கோபுரத்தில் ஏற்றுவது வழக்கம். பழைய, துருப்பிடித்த இணைப்புகளில் எழும் செயலற்ற இடைப்பண்பேற்றம் (அனுப்பும் அலைகள் ஒன்றோடொன்று கலந்து வேறு அலைவரிசையில் புதிய அலையை உண்டாக்குவது) இந்தக் கணக்கைக் குலைக்கும். 935 மெகாஹெர்ட்ஸும் 960 மெகாஹெர்ட்ஸும் ஒரே ஆண்டெனாவில் அனுப்பப்பட்டால் அவற்றின் மூன்றாம் வரிசை விளைவு 910-இல் விழும். அது 890 முதல் 915 வரையிலான அப்லிங்க் பட்டைக்குள் இருக்கிறது. 1805-உம் 1880-உம் சேர்ந்தால் 1730, அதுவும் அப்லிங்க்தான். அந்தக் கிளையின் மொத்த பெறுநிலை உயரும். நலமாக இருக்கும் மறுகிளை தாழ்ந்ததுபோல் தெரியும். ஆள் ஏறி நல்ல ஆண்டெனாவைக் கழற்றுவார்.

சைகை நிலை, இரைச்சல் நிலை ஆகிய இரண்டு வேறுபாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குழப்பம் பெரும்பாலும் தீரும். சைகை தாழ்ந்து இரைச்சல் சமமாக இருந்தால் முதல் பெருக்கிக்கு முன்னே துண்டிப்பு: டிஎம்ஏ இல்லாத நிலையத்தில் ஃபீடர் அல்லது ஆண்டெனா, டிஎம்ஏ இருந்தால் அதற்கு மேலுள்ள ஜம்பர். இரண்டும் சேர்ந்து தாழ்ந்தால் டிஎம்ஏவோ அதற்குக் கீழுள்ள கேபிளோ. மின்னோட்ட அளவு எது என்று சொல்லிவிடும். சைகை சமமாக இருந்து இரைச்சல் ஒரு கிளையில் உயர்ந்தால் இடைப்பண்பேற்றம் அல்லது வெளிக்குறுக்கீடு. டவுன்லிங்க் சுமையோடு ஏறி, நள்ளிரவுக்குப் பின் இறங்கினால் முன்னது என்று கொள்ளலாம். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: சைகை நிலையைச் சரியாகப் படிக்கப்பட்ட அழைப்புகளிலிருந்தும், இரைச்சலை வெற்று நேரத்துண்டுகளிலிருந்தும் எடுக்க வேண்டும். இரண்டையும் கலந்து 'மொத்தப் பெறுநிலை' என்று ஒரே எண்ணாகக் கொடுக்கும் நிலையங்களில் இந்தப் பிரிப்பு இயலாது.

அடுத்தடுத்த இரண்டு செக்டர்களில் ஒரே நாளில் வேறுபாட்டு அலாரம் வந்தால், அதுவும் யாரோ கோபுரத்தில் வேலை பார்த்த மறுநாள் வந்தால், ஆண்டெனாவைச் சந்தேகிப்பதற்கு முன் ஃபீடர்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு கிளை தன் செக்டரையும் மற்றது அயல் செக்டரையும் கேட்டுக்கொண்டிருக்கும். விஎஸ்டபிள்யூஆரும் மின்னோட்டமும் இந்தப் பழுதை ஒருபோதும் காட்டா.

மற்ற இரண்டு வழிகள்

தளநிலையமே பெறும் அலைவரிசையில் ஒரு சோதனைச் சைகையைத் திசைப் பிணைப்பான் வழியே செலுத்தித் திரும்பலை அளக்கும் முறை போக்குவரத்தைச் சாராதது என்பதால் கவர்ச்சியானது. ஆனால் கூடுதல் வன்பொருள் வேண்டும், கேபிள் இழப்பு மறைக்கும் குறை அப்படியே இருக்கும். ஏற்கெனவே அந்த வன்பொருள் உள்ள நிலையத்தில் இயக்கலாம். இதற்காகவே வாங்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

மேலாண்மை மையத்தில் அப்லிங்க், டவுன்லிங்க் பாதை இழப்புகளின் சமநிலையைக் கணக்கிட்டுப் பழுதை ஊகிப்பது மற்றொன்று. உபகரண நிறுவனம் கிளை ஒப்பீட்டைத் தனி உரிமமாக விற்று, அதை வாங்கவில்லை என்றால், இதைத் தவிர வேறு வழியில்லை. சேர்த்த பிறகான சைகையை மட்டும் பார்ப்பதால் கிளையை அடையாளம் காட்டாது. 2, 3 டெசிபெல் மாற்றம் பருவகால மரத்தழைப்பாலும் புதிய கட்டடத்தாலும் வரக்கூடியது என்பதால் நாட்கணக்கில் தயங்கும். பிற வழிகள் தவறவிட்டதைப் பிடிக்கும் கடைசி வலையாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

நிலையத்துக்கு ஏற்ற தேர்வு

ஃபீடரும் டிஎம்ஏவும் உள்ள நிலையத்தில் கிளை ஒப்பீடு முதன்மை, நேர்மின்னோட்டம் உறுதிப்படுத்துவதற்கு, விஎஸ்டபிள்யூஆர் அனுப்பும் பாதைக்கு மட்டும். டிஎம்ஏ இல்லாத ஃபீடர் நிலையத்தில் கிளை ஒப்பீடும், நிலையவாரியாக வரம்பு கணக்கிட்ட விஎஸ்டபிள்யூஆரும் சேர்ந்தே இயங்க வேண்டும். இங்கே இரைச்சல் அளவீட்டை இடைப்பண்பேற்றத்தைக் கண்டறிய மட்டும் நம்பலாம். ஆர்ஆர்யூ நிலையத்தில் விஎஸ்டபிள்யூஆர் முன்னுக்கு வரும். பெறுவதற்கு மட்டும் உள்ள இணைப்பு வாய்களுக்காக ஒப்பீடு தொடரும். ஆண்டெனாவும் ரேடியோவும் ஒரே பெட்டிக்குள் அமைந்த 5ஜி அலகுகளில் வெளியே கழலக்கூடிய இணைப்பே இல்லை. அலகு தன் கிளைகளைத் தானே அளவுதிருத்திக்கொள்வதால் நாம் உள்ளமைப்பதற்கு அதிகம் மிஞ்சுவதில்லை.

போக்குவரத்து மிகக் குறைந்த கிராமப்புற, நெடுஞ்சாலை நிலையங்கள்தான் உண்மையில் கடினமானவை. ஒரு மணி நேரச் சாளரத்தில் மாதிரி போதாது. போதாத மாதிரியைக் கொண்டு எழும் அலாரம் வந்து வந்து போகும். அங்கே முதல் படியை அணைத்துவிட்டு, ஒரு நாள் அல்லது மூன்று நாள் சாளரத்தை மட்டும் வைப்பேன். எல்லை நிலையங்களாக இருப்பதால் அப்லிங்க் இழப்பு அதிகம் வலிப்பதும் அங்கேதான். ஆகவே தாமதமாக வந்தாலும் அந்த அலாரத்தின் தீவிரத்தை நகர நிலையங்களைவிட ஒரு படி உயர்த்தி வைப்பது முறை.

எந்தத் தேர்வானாலும், புதிய வரம்புகளை எழுதிய உடனே அலாரத்தைக் கட்டுப்பாட்டு அறைக்குத் திறந்துவிடக் கூடாது. இரண்டு வாரம் அலாரத்தை அடக்கிவைத்து, எல்லாச் செக்டர்களின் நாள் சராசரி வேறுபாடுகளையும் திரட்டிப் பார்த்தால், பெரும்பாலானவை பூஜ்யத்தைச் சுற்றிக் குவிந்திருக்க, சில தனியே விலகி நிற்பது தெரியும். விலகி நிற்பவற்றில் உபகரண அறைக்குள்ளேயே இரு கிளைகளின் ஜம்பர்களை மாற்றிச் செருகிப் பார்க்க வேண்டும். வேறுபாடு ஜம்பரோடு மறுகிளைக்கு நகர்ந்தால் பழுது மேலே, கேபிளிலோ ஆண்டெனாவிலோ. நகராமல் அதே கிளையில் நின்றால் பழுது ரேடியோ அலகில். யாரையும் கோபுரத்தில் ஏற்றாமல் செய்யக்கூடிய இந்தச் சோதனையை முடித்து, அந்தச் செக்டர்களைச் சரிசெய்த பிறகே குவியலின் அகலத்தைப் பார்த்து 6-ஐ 5 ஆக்கலாமா, 7 ஆக்க வேண்டுமா என்று தீர்மானித்து அலாரத்தைத் திறக்க வேண்டும்.